இரு சக்கரங்களும் இனிய தோழமையும்

"தனி மரம் தோப்பாகாது" என்பது நம் முன்னோர் வாக்கு. அதன் உண்மையைக் காணத் தோப்புக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளைப் பார்த்தாலே போதும். ஒற்றைச் சக்கரத்தை உருட்டிவிட்டால் சிறிது தூரம் ஓடும்; பிறகு தள்ளாடிச் சாயும். இரண்டு சக்கரங்கள் ஒரே சட்டத்தில் பொருந்தி, ஒன்றன் பின் ஒன்றாகச் செல்லும்போதுதான் அது வண்டியாகிறது. முன் சக்கரம் வழியைக் காட்டுகிறது. பின் சக்கரம் வலிமையைத் தருகிறது. இவற்றுள் எது உயர்ந்தது என்று யாராவது கேட்பார்களா? நட்பும் இத்தகையதே.

ஆண்டு மலருக்குச் சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறோம் என்றபோது, "அதில் எழுத என்னடி இருக்கிறது?" என்று தோழியர் சிலர் நகைத்தனர். இருக்கிறது. கடந்த ஆண்டு எங்களிடையே நடந்த ஒரு நிகழ்ச்சி எங்கள் மனத்தை இன்றளவும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அதில் சைக்கிள் இருக்கிறது, செல்போன் வீடியோ இருக்கிறது, நட்பு இருக்கிறது, எங்கள் தவறும் இருக்கிறது. அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, எங்கள் கருத்தைப் பெற்றோர் முன்னும் அருட்சகோதரியர் முன்னும் தோழியர் முன்னும் பணிவோடு வைக்க விரும்புகிறோம்.

சைக்கிளின் ஊர்

நாம் வாழும் இப்பகுதிக்கும் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. 1949-ஆம் ஆண்டில் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் தொழிற்சாலைக்கு இடமளித்தது அம்பத்தூரே. நாடெங்கும் பெயர் பெற்ற ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் சைக்கிள்களோடு நம் ஊரின் பெயரும் சேர்ந்தே பயணம் செய்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. அந்நாட்களில் ஆலைச் சங்கு ஊதியதும் சாலை முழுவதும் சைக்கிள் மணி ஒலிக்கும் என்று எங்கள் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். சோற்றுத் தூக்கு ஹேண்டில்பாரில் தொங்க, கேரியரில் ஒரு நண்பரை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போன தலைமுறை அது. ஏறு காற்றில் நண்பர்கள் இடம் மாற்றி மாற்றி மிதிப்பார்களாம்.

இன்று அதே சி.டி.எச். சாலையில் கண்டெய்னர் லாரியும் தண்ணீர் லாரியும் ஷேர் ஆட்டோவும் நெருக்கியடித்துச் செல்கின்றன. சைக்கிளில் செல்பவர் சாலையின் ஓரத்திலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து சாக்கடை மூடிக்கும் தள்ளப்பட்டுவிட்டார். சைக்கிளைச் செய்து தந்த ஊரில் சைக்கிள் ஓட்ட இடமில்லை என்பது வேடிக்கையா, வேதனையா?

சிறுவர் கண்ட புது விளையாட்டு

இடமில்லாவிட்டாலும் இளம் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஞாயிறு காலைகளில் பூட்டிய கடைகளின் படிகளிலும், ஏரிக்கரையை ஒட்டிய வெற்றிடங்களிலும், மனை விற்பனைக்குக் காத்திருக்கும் மைதானங்களிலும் சிறுவர் கூட்டத்தைக் காண்கிறோம். மட்கார்டு, ஸ்டாண்டு, கேரியர் ஆகிய அனைத்தையும் கழற்றிவிட்டு, சீட்டைத் தாழ இறக்கி, முன் சக்கரத்தைத் தூக்குகிறார்கள்; படியிலிருந்து குதிக்கிறார்கள்; நின்ற இடத்திலேயே சுழல்கிறார்கள். கேட்டால் 'பி.எம்.எக்ஸ்.' என்கிறார்கள்.

அந்தப் பெயரின் வரலாறு சுவையானது. 1970-ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் சில சிறுவர்கள், மோட்டார் சைக்கிள் வீரர்கள் மண்மேடுகளில் பாய்வதைக் கண்டு, தங்கள் சிறு சைக்கிள்களிலும் அவ்வாறே பாயத் தொடங்கினர். மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி 1971-இல் வெளிவந்த 'ஆன் எனி சண்டே' என்னும் ஆவணப் படத்தின் தொடக்கத்தில் இச்சிறுவர்களின் விளையாட்டு காட்டப்பட்டது. அதைத் திரையில் கண்ட பிற ஊர்ச் சிறுவர்களும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்மேட்டைத் தேடினர். இந்த விளையாட்டு தவழும் நாளிலேயே படத்தோடு கைகோத்துக்கொண்டது என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும்.

இதற்கென்றே செய்யப்படும் சைக்கிளுக்கு இருபது அங்குலச் சக்கரம், ஒரே கியர், தாழ்ந்த சீட்டு, குதித்தால் முறியாத உறுதியான சட்டம். சக்கர அச்சின் நுனியில் 'பெக்' என்னும் குழாய்த் துண்டைப் பொருத்தி, அதனால் கைப்பிடிக் கம்பிமேல் சறுக்கிச் செல்வோரும் உண்டு. மண் பாதையில் ஓடுவது ஒரு வகை. வளைந்த மேடைகளில் வித்தை காட்டுவது மற்றொரு வகை. தெருவில் கிடைக்கும் படி, திண்ணை, சுவர், கம்பி ஆகியவற்றையே மைதானமாக்கிக்கொள்வது மூன்றாவது வகை. நம் பிள்ளைகள் செய்வது இதுவே. முதல் வகை 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கிலும், இரண்டாம் வகை 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இடம் பெற்றன. தெருப் பிள்ளைகளின் விளையாட்டு என்று இகழப்பட்டது பதக்கத்துக்கு உரியதாயிற்று.

எங்கள் தோழி

எங்கள் தோழி ஒருத்தி இந்த விளையாட்டில் கெட்டிக்காரி. அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊகிக்க முயல வேண்டாமென்று உங்களையும் வேண்டுகிறோம். அவளுடைய அனுமதியைப் பெற்ற பிறகே இதை எழுதுகிறோம்.

தம்பியின் சிறிய சைக்கிளில்தான் அவள் பழகினாள். முன் சக்கரத்தைத் தூக்கிப் பத்தடி தூரம் போவாள். நடைபாதை விளிம்பின்மீது இரு சக்கரத்தோடும் தாவி ஏறுவாள். இதைக் கற்க ஓராண்டு ஆயிற்று என்றும், முழங்கையில் தோல் உரியாத வாரமே இல்லை என்றும் அவள் சொல்லியிருக்கிறாள். காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் தம்பியோடும் அவன் நண்பர்களோடும் ஏரிக்கரை அருகே ஓட்டிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் அவளறியாமல் பின்னாலிருந்து செல்போனில் படம் பிடித்தார். பதினான்கு விநாடிப் படம். ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்து, இங்கே எழுதத் தகாத இரண்டு சொற்களையும் சேர்த்து, ஊரெல்லாம் பார்க்கும்படி போட்டுவிட்டார்.

அந்தப் படம் எங்களுக்கும் வந்தது. எங்களில் ஐவர் அதைப் பார்த்தோம். மூவர் சிரித்தோம். இருவர் அதைப் பிறருக்கும் அனுப்பினோம். அவளைத் தேடிப் போய், "இப்படி ஒரு படம் வந்திருக்கிறதடி" என்று சொன்னவர் ஒருவருமில்லை.

இரண்டு நாளில் அவள் மாமா அதைப் பார்த்துவிட்டார். அன்றே சைக்கிள் ஓட்டம் நின்றது. விடுமுறை முடிந்து வந்தவள் யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குச் சில நாட்கள் கழித்து எங்கள் பள்ளி மைதானத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவியர்க்கு அரசின் விலையில்லாச் சைக்கிள்கள் வழங்கப்பட்டன. அவளுக்கும் ஒன்று கிடைத்தது. அவள் தந்தை அதைத் தள்ளிக்கொண்டு போய், பொட்டிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பின் மாடிப்படிக்குக் கீழே சங்கிலி போட்டுப் பூட்டி வைத்தார். அவள் ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கு வந்தாள்.

மூன்று வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் துணிவு வந்தது. மதிய உணவு வேளையில் வேப்பமரத்தடியில் அவளிடம் சென்று, "நாங்களும் பார்த்தோம், அனுப்பினோம்" என்று ஒப்புக்கொண்டோம். அவள் அழவில்லை, கோபிக்கவுமில்லை. "சைக்கிள்ல இருந்து விழுந்திருந்தா நீங்க ஓடி வந்திருப்பீங்க. வீடியோல விழுந்தப்ப ஒருத்தரும் வரலியே" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே இக்கட்டுரை பிறந்தது.

படம் பிடிப்பவர் யார்?

வீடியோவே கெட்டது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் சைக்கிள் கடையொன்றில் வேலை செய்துவந்த டேனி மெக்காஸ்கில் என்னும் இளைஞர், சைக்கிள் வித்தையில் வல்லவர். அவருடன் ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பர் டேவ் சோவர்பி பல மாதங்கள் அவரோடு தெருத் தெருவாகச் சென்று படம் பிடித்தார். 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்தப் படம் வெளிவந்ததும், கடை ஊழியராக இருந்தவர் உலகமறிந்த வீரரானார். ஈட்டி முனைகள் கொண்ட இரும்பு வேலியின்மீது ஓட்டிச் செல்லும் ஒரு காட்சிக்காக அவர் எத்தனையோ முறை முயன்று தோற்றார். அத்தனை முறையும் அந்த நண்பர் உடனிருந்தார். திரையில் தோன்றுபவர் ஒருவர். திரைக்குப் பின்னால் பொறுமையோடு நின்றவர் மற்றொருவர். நட்புக்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

அதே செல்போன் மற்றொரு கையில் என்னவாகிறது? "இன்னும் உயரத்திலிருந்து குதிடா, இது போதாது" என்று தூண்டுகிறது. பார்ப்பவர் எண்ணிக்கை ஏற ஏறப் படியின் உயரமும் ஏறுகிறது. சைக்கிளில் தொடங்கியது மோட்டார் சைக்கிளில் முடிகிறது. பூந்தமல்லி வழியே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில், 2023 செப்டம்பரில், வீடியோக்களால் இளைஞரிடையே பெயர் பெற்ற ஒருவர் ஓடும் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தூக்கப் போய் விழுந்து காயமுற்றார். அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்குத் தடை செய்யப்பட்டது. அவரைப் பார்த்துக் கைதட்டிய பிள்ளைகள் எத்தனை பேர்! "வேண்டாம்" என்று சொன்ன நண்பர் எத்தனை பேர்?

வள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் செய்தார். அவற்றுள் இரண்டு தீ நட்பையும் கூடா நட்பையும் பற்றியவை. நட்பு என்றாலே நல்லது என்று அவர் விட்டுவிடவில்லை. தூண்டிவிடுபவரும் உடன் இருப்பவர்தாம். தடுப்பவரும் உடன் இருப்பவர்தாம். யாரை நண்பர் என்பது?

ஆகவே எங்கள் முதல் கருத்து இது: செல்போனைப் பிடித்திருப்பவர் வெறும் பார்வையாளர் அல்லர். விளையாடுபவரின் உயிருக்கும் மானத்துக்கும் அவர் பொறுப்பாளி. படியின் உயரம் தகாது என்று தோன்றினால் "நிறுத்து" என்று சொல்ல வேண்டியவர் அவர். தலைக்கவசம் அணியாதவரைப் படம் பிடிக்க மாட்டேன் என்று மறுக்க வேண்டியவரும் அவர். பிடித்த படத்தை, அதில் இருப்பவரைக் கேட்காமல் வெளியிடுவது திருட்டுக்குச் சமம். அவ்வாறு வந்த படத்தை அடுத்தவர்க்கு அனுப்புவது திருட்டுப் பொருளை வாங்கி விற்பதற்குச் சமம். இரண்டாவதைச் செய்தவர்கள் என்ற முறையில் இதைச் சொல்கிறோம்.

இரண்டு அச்சங்கள்

ஒரு சனிக்கிழமை மாலை நாங்கள் நால்வர் அவள் வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா எங்களை உட்கார வைத்துத் தேநீர் தந்தார். "அம்மா, அவமேல தப்பு இல்லம்மா. அனுப்பினது நாங்க" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "லாரி இடிச்சா ஆஸ்பத்திரி இருக்கும்மா. பேரு கெட்டா எங்க போறது?" என்றார்.

அந்தத் தாயின் சொல்லை நாங்கள் இகழவில்லை. பெண்ணைப் பெற்ற பலரும் மனத்துக்குள் சொல்லிக்கொள்வதை அவர் வாய்விட்டுச் சொன்னார். ஆயினும் நாங்கள் எண்ணிப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. நம் வீடுகளில் இரண்டு அச்சங்கள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று, லாரியைப் பற்றிய அச்சம். மற்றொன்று, ஊர் வாயைப் பற்றிய அச்சம். முதல் அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து நல்ல சாலை, தனி இடம், தலைக்கவசம், பெரியவர் துணை. இரண்டாம் அச்சத்துக்கு என்ன மருந்து? பெண்ணைப் பூட்டி வைப்பதா? தவறு செய்தவர் படம் பிடித்தவர். தண்டனை பெற்றவளோ படத்தில் இருந்தவள். அவர் இன்றும் ஏரிக்கரையில் உலவுகிறார். அவள் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே தூசி படிந்து நிற்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

லாரிக்குப் பயந்து நிறுத்தினால் தம்பியையும் சேர்த்து நிறுத்தியிருக்க வேண்டும். தம்பி மறுநாளே அதே ஏரிக்கரையில் ஓட்டினான். அப்போதே தெரிந்துவிட்டது, நிறுத்தியது எந்த அச்சம் என்று.

பேச்சு வாக்கில் அவள் அம்மாவே ஓர் உண்மையைச் சொன்னார். சிறு வயதில் வாடகைக் கடைச் சைக்கிளை மணிக் கணக்கில் எடுத்து, பாரின் இடுக்கில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றாராம். பதின்மூன்று வயதில் நிறுத்திவிட்டார்களாம். "இப்ப ஏறினாலும் ஓட்டிடுவேன்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நொடி சிறுமி ஒருத்தி தெரிந்தாள்.

அன்னையர் காட்டிய வழி

பெண்கள் சைக்கிள் ஓட்டுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவைப் பரப்பியபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அதோடு இணைத்தார். கல் குவாரியில் வேலை செய்தவர்களும், வயல் வேலை செய்தவர்களும், அங்கன்வாடி ஊழியரும், ஆசிரியைகளும் சைக்கிள் கற்றனர். கற்றவர் தொகை ஒரு லட்சத்தையும் தாண்டியது என்பர். லேடீஸ் சைக்கிள் போதாமையால் பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினர். முன்னால் உள்ள பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவரும் உண்டு. அவர்களையும் பார்த்துச் சிரித்தார்கள், கேலி பேசினார்கள். ஆனால் ஒருத்தியாக அல்லாமல் நூற்றுக்கணக்கில் சேர்ந்து சென்றதால் கேலி தோற்றது. தண்ணீர் எடுக்கவும், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு போகவும் ஆடவர் துணையை எதிர்பார்க்க வேண்டிய நிலை மாறியது.

நம் மாநில அரசும் 2001-ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பின்னர் அதைப் பிற மாணவ மாணவியர்க்கும் விரிவாக்கியது. பெண் படிப்பை இடையில் நிறுத்தாதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அரசு கொடுத்த சைக்கிளை வீடு பூட்டி வைத்தால் அந்த நோக்கம் என்னாவது?

ஒலிம்பிக்கைப் பற்றி முன்பே சொன்னோம். டோக்கியோவில் மகளிர் பி.எம்.எக்ஸ். ஓட்டத்தில் தங்கம் வென்றவர் இங்கிலாந்தின் பெத்தனி ஷ்ரீவர். தம் நாட்டில் மகளிர்க்கான உதவித்தொகை நிறுத்தப்பட்டபோது, மழலையர் பள்ளியில் உதவியாளராக வேலை செய்தும், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியும் அவர் பயிற்சியைத் தொடர்ந்தார். வென்ற பின் எழுந்து நிற்க வலுவின்றித் தரையில் கிடந்த அவரை, சற்று முன் ஆடவர் ஓட்டத்தில் வெள்ளி வென்றிருந்த கை வைட் ஓடி வந்து இரு கைகளாலும் தூக்கிக்கொண்டார். அதற்கு இரண்டு நாள் கழித்து, வித்தைப் போட்டியில் சார்லட் வொர்திங்டன் முதல் சுற்றில் விழுந்தார். விழுந்த அதே கரணத்தை இரண்டாம் சுற்றில் மீண்டும் முயன்று, சரியாக இறங்கித் தங்கம் வென்றார். விழுந்ததும் சைக்கிளைப் பூட்டி வைத்திருந்தால் இந்தப் பதக்கம் ஏது?

நாங்கள் வேண்டுவது

குறை கூறுதல் எளிது. வழி கூறுதலே கடமை. ஆகையால் எங்கள் வேண்டுகோளையும் சொல்லி விடுகிறோம்.

பெற்றோர்க்கு: மகளின் சைக்கிளை நிறுத்துமுன், மகனையும் நிறுத்துவீர்களா என்று ஒரு முறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மகனென்றால் தலைக்கவசம் வாங்கித் தருவீர்கள். மகளுக்கும் அதையே வாங்கித் தாருங்கள். எங்கள் மேல் யாராவது சேறு எறிந்தால், எங்களைக் கழுவி நிற்கவையுங்கள், ஒளித்து வைக்காதீர்கள்.

ஊரை ஆள்வோர்க்கு: அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் பகுதி. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லி நகராட்சியும் வளர்ந்து வருகிறது. பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்த வெளிக்கென ஒதுக்க விதி இருக்கிறது. அத்தகைய இடங்களில் ஒன்றிலேனும் மண்மேடும் சிமெண்டுச் சரிவும் அமைத்துத் தந்தால் பிள்ளைகள் கடைப் படியையும் நெடுஞ்சாலையையும் ஏன் நாடப் போகிறார்கள்? மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்து ஜன்வார் என்னும் சிற்றூரில் 2015-ஆம் ஆண்டில் சக்கரப் பலகை விளையாட்டுக்காக ஒரு சிமெண்டுத் திடல் அமைக்கப்பட்டது. அங்கே இரண்டு விதிகள்: பள்ளிக்குப் போகாதவர்க்குப் பலகை இல்லை, பெண்பிள்ளைகளுக்கே முதலிடம். அவ்வூர்ப் பெண்ணொருத்தி 2018-இல் சீனாவின் நாஞ்சிங் நகரில் நடந்த உலகப் போட்டிக்குச் சென்று வந்தாள். ஒரு சிற்றூரால் முடிந்தது, தொழிற்பேட்டைகள் சூழ்ந்த நம்மால் முடியாதா?

தோழியர்க்கு: ஒருத்தியைப் பற்றிய படம் உங்கள் கைக்கு வந்தால், முதலில் அவளிடம் செல்லுங்கள், அடுத்தவளிடம் செல்லாதீர்கள். படத்தை அழியுங்கள்; அனுப்பியவரைக் கண்டியுங்கள்; அம்மாவிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள். நாங்கள் மூன்று வாரம் காத்திருந்தோம். நீங்கள் மூன்று நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள்.

இறுதியாக

எங்கள் தோழியின் கதை இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அந்தப் பதினான்கு விநாடிப் படம் எங்கெங்கே கிடக்கிறதோ, யாரறிவார்? விட்ட சொல்லைப் போலவே விட்ட படமும் திரும்பி வராது. ஏரிக்கரைக்குப் போக அவளுக்கு இன்னும் அனுமதி இல்லை.

எனினும் ஒன்று நடந்தது. நாங்கள் சென்று வேண்டியதும், எங்கள் தலைமை அருட்சகோதரி சனிக்கிழமை காலையில் பள்ளி மைதானத்தைத் திறந்துவிட இசைந்தார். உடற்கல்வி ஆசிரியை உடனிருக்கிறார். அவள் அப்பா சங்கிலியை அவிழ்த்துத் தாமே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுப் போனார். முதல் வாரம் ஐந்து பேர் வந்தோம். இப்போது பதினொருவர் வருகிறோம். ஆண்டு விழா மேடைக்கு ஏறும் சிமெண்டுச் சரிவுதான் எங்கள் மலை. அரசு கொடுத்த சைக்கிள் கனமானது. அதில் முன் சக்கரத்தைத் தூக்குவது எளிதன்று. அவள் தூக்குகிறாள். எங்களுக்கும் கற்றுத் தருகிறாள். நாங்கள் விழுகிறோம். விழும்போதெல்லாம் யாராவது ஓடி வருகிறார்கள்.

சென்ற மாதம் அவள் தானாகவே செல்போனை எங்களிடம் நீட்டி, "எடுங்கடி" என்றாள். எடுத்தோம். அதை எவர்க்கும் அனுப்பவில்லை. அவள் வீட்டுக்குக் கொண்டு போய் அம்மாவிடம் காட்டினாளாம். அவர் இரண்டு முறை பார்த்தாராம்.

சைக்கிள் சாயாமல் நிற்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நட்பு சாயாமல் நிற்க, விழுந்தவளிடம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இவ்விரண்டையும் கற்றுக்கொள்வோம், வாருங்கள் தோழியரே!

— பதினொன்றாம் வகுப்பு மாணவியர்